கல்லாப்பெட்டியும் கலங்கும் மனமும்



சென்ற மாதம் ஒரு நாள் பள்ளி விட்ட நேரம். என் வகுப்பு மாணவன் ஒருவனின் தாயார் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். பையனைப் பற்றி ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டதோ வேறு.

"டீச்சர், இருபது வருசமா செம்பனைக் காட்டுல உழைச்சாச்சு. கையில கொஞ்சம் காசு சேர்ந்திருக்கு. டவுன்ல ஒரு பலகாரக் கடை போடலாம்னு ஆசை. எங்க வீட்டுக்காரர் வேணாங்கிறார். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கும் எனக்கு வியாபாரத்தைப் பற்றி என்ன தெரியும்? "சிங்கப்பூருக்குப் போய்விட்டு வந்து சொல்கிறேன்" என்று அனுப்பி வைத்தேன். சாக்குப் போக்குக்காகச் சொன்னதல்ல. என்னோடு ஒரே லயத்தில் வளர்ந்த தோழி ஒருத்தி அங்கே தேக்கா பக்கம் சின்னதாக ஒரு பலகாரக் கடை நடத்துகிறாள். பள்ளி விடுமுறையில் அவளைப் பார்க்கப் போவதாக இருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிராங்கூன் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. முதலில் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். தைப்பூசத்தன்று காவடிகள் புறப்படுவது இந்தக் கோயிலிலிருந்துதான். அதன் ராஜகோபுரம் 1979இல் எழுந்தது. அதற்கு வாரிக் கொடுத்தவர் பி. கோவிந்தசாமிப் பிள்ளை. கோயிலை ஒட்டி 1965இல் திறக்கப்பட்ட கல்யாண மண்டபமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பி.ஜி.பி. என்றால் நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். 1887இல் தமிழ்நாட்டில் பிறந்து, 1905இல் சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்தவர். இதே சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் சாதாரண வேலையாளாக இருந்தார். பிறகு செட்டியாரிடம் கடன் வாங்கிக் கடையைத் தமதாக்கிக்கொண்டார். சேலை என்றால் பி.ஜி.பி. கடை என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தார். 1980இல் காலமானார்.

கோபுரத்தைப் பார்க்கும்போது நமக்குத் தெரிவது அவருடைய வெற்றிதான். கடன் வாங்கிய அன்றிரவு அவருக்குத் தூக்கம் வந்ததா? அதைக் கோபுரம் சொல்லாது. அவர் காலத்துக் கடைக்காரர்கள் இன்னொன்றையும் கண்டவர்கள். 1942இல் ஜப்பானியர் வந்து வாழைமர நோட்டை அச்சடித்தார்கள். 1945இல் அவர்கள் சரணடைந்ததும் அந்த நோட்டெல்லாம் வெறுங்காகிதமாயின. பெட்டி நிறையப் பணம் வைத்திருந்தவரும் விடிந்தபோது வெறுங்கையோடு நின்றார். அதற்குப் பிறகும் கடையைத் திறந்து, விளக்கேற்றி, வந்தவரை "வாங்க" என்று கூப்பிட எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

இந்த நினைப்போடுதான் தோழியின் கடைக்குப் போனேன். அவள் முறுக்கு நிறுத்துக்கொண்டே பேசினாள்.

"சம்பளம் வரலேன்னா நீ கிராணியைத் திட்டலாம், முதலாளியைத் திட்டலாம். எனக்கு வரலேன்னா யாரைடி திட்டுறது? கண்ணாடியில பார்த்து என்னையேதான் திட்டிக்கணும்."

இரவு கடை அடைத்த பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"கடை போட்ட முதல் தீபாவளி. பத்து நாள் நல்ல ஓட்டம். கல்லா நிறைஞ்சு கிடந்துச்சு. எல்லாம் நம்ம காசுன்னு நினைச்சு மகளுக்கு ஒரு சங்கிலி வாங்கிப் போட்டேன். பொங்கல் வந்துச்சு. மாவு, எண்ணெய் கொடுத்தவருக்குப் பணம் கட்டக் காசில்ல. அவ கழுத்துல இருந்த சங்கிலியைக் கழட்டி அடகுக் கடைக்குக் கொண்டு போனேன். அவ ஒரு வார்த்தை சொல்லல. திட்டியிருந்தாக்கூட ஆறியிருக்கும்டி."

அடுத்த அடி 2020இல் விழுந்தது. கொரோனாவால் மார்ச் மாதம் மலேசிய எல்லை மூடியது. ஏப்ரலில் சிங்கப்பூரே அடங்கியது. ஞாயிறுதோறும் அவள் கடைக்கு வரும் ஊர்ப் பிள்ளைகள் தங்கும் விடுதிகளை விட்டு வெளியே வர முடியவில்லை. விற்பனை படுத்துவிட்டது. போன் அடித்தாலே கடனைக் கேட்கத்தான் என்று கை நடுங்குமாம். ஆனாலும் வீட்டில் சிரித்த முகம். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"வெட்கம்! அவர் வேணாம்னு சொல்லியும் நான்தானே பிடிவாதமா ஆரம்பிச்சேன்?"

ஒரு நாள் தாங்க முடியாமல் கணக்கு நோட்டை அவர் முன்னால் வைத்து அழுதுவிட்டாள். அவர் கோபப்படவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கடைக் காசு ஒரு நோட்டு, வீட்டுக் காசு ஒரு நோட்டு என்று அன்றே பிரித்தார்கள். கடைக் கணக்கில் அவளுக்கும் ஒரு சம்பளம் எழுதினார்கள். சிறிய தொகைதான். கல்லா நிறைந்தாலும் அதற்கு மேல் தொடுவதில்லை. அதன் பிறகு கடன் உடனே தீர்ந்துவிடவில்லை. ஆனால் தூக்கம் வந்தது என்றாள்.

அன்பர்களே, எனக்குப் புரிந்தது இதுதான். சம்பளக்காரருக்கு உழைப்பு பாரம். சொந்தக்காரருக்கு உழைப்போடு பயமும் பாரம். கல்லா நிறைந்த நாளில் தன்னைக் கெட்டிக்காரி என்றும், காலியான நாளில் ஒன்றுக்கும் உதவாதவள் என்றும் நினைக்கிற மனம் சீக்கிரம் களைத்துவிடும். கல்லாவில் கிடப்பது நம் மதிப்பு அல்ல. அது முழுக்க நம் காசும் அல்ல. அதில் மாவுக்காரருக்குப் பங்குண்டு, வாடகைக்குப் பங்குண்டு, நாளைக்கு வரப்போகும் மழை நாளுக்கும் பங்குண்டு. மிச்சம்தான் நமக்கு.

ஊர் திரும்பியதும் அந்தத் தாயாரைத் தேடிப் போனேன். கணவரும் வீட்டில் இருந்தார். நான் "போடு" என்றும் சொல்லவில்லை, "போடாதே" என்றும் சொல்லவில்லை.

"சேர்த்த காசு முழுவதையும் ஒரே நாளில் கடையில் கொட்டாதீர்கள். முதலில் வீட்டிலேயே செய்து, சம்பள வாரத்தில் விற்றுப் பாருங்கள். உங்களுக்கென்று ஒரு கூலி எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தவர் கடன் கேட்டால் எவ்வளவு வரை கொடுப்பது என்று இருவரும் முன்கூட்டியே பேசி வையுங்கள். கேட்கும்போது வாய் வராது. நஷ்டம் வந்தால் அன்றிரவே இவரிடம் சொல்லிவிடுங்கள்" என்றேன்.

கணவர் தலையைக் குனிந்துகொண்டே, "எனக்குப் பயம்தான் டீச்சர். வேற ஒண்ணுமில்ல" என்றார்.

"அவங்களுக்கும் பயம்தான். இரண்டு பேரும் சேர்ந்து பயந்தால் பாதியாகிவிடும்" என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

போன சனிக்கிழமை அவர்கள் வீட்டு வாசலில் முறுக்கு வாசம். என் மாணவன் பழைய பள்ளி நோட்டில் கோடு போட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். மாவு, எண்ணெய், காஸ் என்று வரிசையாக எழுதி, கடைசி வரியில் "அம்மா சம்பளம்" என்று எழுதியிருந்தான். தொகை எழுத வேண்டிய இடம் இன்னும் காலியாக இருந்தது.

"எவ்வளவு போடலாம் டீச்சர்?" என்று கேட்டான்.

"அம்மாவையும் அப்பாவையும் கேட்டு எழுது" என்று சொல்லிவிட்டு, ஒரு பொட்டலம் முறுக்கைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.