கிரீன் கார்டு வரட்டும், அப்புறம் அம்மாவைப் பார்க்கலாம்

அமெரிக்காவில் நம் ஊர்க்காரர்கள் நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம் ஒரு சட்டம் உலவுகிறது. கிரீன் கார்டு விண்ணப்பம் பெண்டிங்கில் இருக்கும் பிள்ளை நாட்டை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது, வைத்தால் எல்லாம் போச்சு என்பது அந்தச் சட்டம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது அப்படி எழுதப்பட்டிருக்கவில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கும் வீட்டில் இந்த நம்பிக்கையால் பெரிய கேடில்லை, தாத்தா பாட்டியைப் பார்க்கும் பயணம் ஒரு கோடை தள்ளிப்போகும். பிரிந்த வீட்டிலோ, பெற்றவளையும் பிள்ளையையும் ஆண்டுக்கணக்கில் பிரித்துவைக்க இதைவிட வசதியான சாக்கு கிடையாது.

பெற்றவள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கணவன் எச்1பி வேலை விசாவில் போகிறான். மனைவியும் பிள்ளையும் எச்4. கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் அவர்கள் அவனைச் சார்ந்தவர்களே. விவாகரத்து ஆனதும் மனைவியின் எச்4 போய்விடுகிறது. கார்டு கைக்கு வருமுன்னே மணமுறிவு நடந்தால் அவளுடைய கிரீன் கார்டு விண்ணப்பமும் விழுந்துவிடும். பிள்ளைக்கோ எதுவும் மாறுவதில்லை, அது இன்னமும் அவன் பிள்ளை. வேறு விசா ஏதும் கிடைக்காத தாய் திருச்சிக்கோ சென்னைக்கோ திரும்புகிறாள், பிள்ளை டல்லாஸில் இருக்கிறது. கோடை விடுமுறைக்கு அனுப்பச் சொன்னால் பதில் தயாராக இருக்கிறது: “எனக்கு அனுப்ப ஆசைதான். விதி விடமாட்டேங்குதே.”

விதி என்ன சொல்கிறது? ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது முன் அனுமதி இல்லாமல் அமெரிக்காவை விட்டு வெளியேறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். இது உண்மை. இந்த உண்மையின் முதல் பாதியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதில்தான் சூது. முன் அனுமதிக்கு அட்வான்ஸ் பரோல் என்று பெயர். ஐ-131 படிவம் போட்டு வாங்கலாம். 2024 ஏப்ரலுக்கு முன் கட்டணம் கட்டி ஐ-485 போட்டவர்களுக்கு இதற்குத் தனிக் கட்டணம்கூடக் கிடையாது. அதைவிட முக்கியமானது, எச்1பி, எச்4 ஆட்களுக்கென்றே ஒரு விலக்கு இருக்கிறது. தகப்பன் எச்1பியில் தொடர்ந்து வேலை பார்த்தால், பிள்ளையின் எச்4 செல்லுபடியாக இருந்து பாஸ்போர்ட்டில் விசாவும் இருந்தால், அட்வான்ஸ் பரோல் இல்லாமலே போய்வரலாம். விண்ணப்பத்துக்கு ஒன்றும் ஆகாது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் இதே விலக்கில்தான் தீபாவளிக்கு மதுரை போய்வந்திருப்பார். அவருக்குப் பொருந்தும் விதி இந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்?

சிக்கலே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2025 செப்டம்பர் முதல், பாஸ்போர்ட்டில் விசா பதிக்க (இதைத்தான் ஸ்டாம்பிங் என்கிறார்கள்), சின்னப் பிள்ளைகளும் பொதுவாகத் தூதரக நேர்காணலுக்கு நேரில் போக வேண்டும். ஸ்டாம்பிங் தேதி தள்ளிப்போனால் பள்ளி திறந்த பிறகும் பிள்ளை இந்தியாவிலேயே மாட்டிக்கொள்ளும். அட்வான்ஸ் பரோல் இருந்தால் ஸ்டாம்பிங் தேவையில்லை. ஆனால் அது கைக்கு வர மாதங்கள் ஆகலாம், வருவதற்குள் விமானம் ஏறினால் அந்த மனுவும் வீண். ஆகவே ஜூன் மாதப் பயணத்துக்கு மே மாதம் யோசித்தால் நடக்காது; முந்தைய ஆண்டே படிவம் போட வேண்டும். மனு போடாமலே இருந்துவிட்டு, பேப்பர் இல்லை என்று கையை விரிப்பது வேறு விஷயம். அது குடியேற்றச் சட்டத்தின் குற்றமல்ல.

“கொஞ்ச நாள்தானே, கார்டு வந்ததும் தாராளமாகப் போகட்டும்” என்று சமாதானம் சொல்லும் உறவினர்களுக்கு ஒரு கணக்கு. 2020 அக்டோபரில் இந்தியர்களுக்கான இபி-3 என்ற வேலைவாய்ப்பு கிரீன் கார்டு பிரிவில், விண்ணப்பிக்கத் தகுதி தரும் தேதி 2015 ஜனவரி 1 வரை திடீரென்று முன்னே வந்தது. கூட்டம் கூட்டமாக ஐ-485 போட்டார்கள். பிறகு தேதி பின்வாங்கியது. ஐந்தாண்டு கடந்தும் அவர்களில் பலருக்குக் கார்டு வரவில்லை. அன்று ஏழு வயதாக இருந்த குழந்தைக்கு இன்று மீசை அரும்புகிறது. கொஞ்ச நாளாம்!

அடுத்த சமாதானம், “அவங்களே வந்து பார்க்கட்டுமே.” அமெரிக்கச் சட்டப்படி, பார்வையாளர் விசா கேட்கும் ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிடும் எண்ணமுள்ளவர் என்றுதான் அதிகாரி தொடங்க வேண்டும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது விண்ணப்பிப்பவரின் பொறுப்பு. ஏற்கெனவே கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தவள், பிள்ளையை அங்கே விட்டுவந்தவள், இங்கே ஒருவேளை வேலையும் இல்லாதவள் அந்த ஜன்னல் முன் நின்று எதைக் காட்டுவாள்? வீடியோ கால் இருக்கிறதே என்பவர்களுக்கு நான் சொல்ல அதிகமில்லை. 2020 ஜனவரியில் ஒரு வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் வீடியோ அழைப்பை வலியுறுத்தியது உண்மை. அதே தீர்ப்பு பிள்ளைக்குத் தாய் தந்தை இருவரும் வேண்டும் என்றும் சொல்கிறது. நேரில் பார்ப்பதற்கு வீடியோ அழைப்பு மாற்றல்ல.

இத்தனைக்கும் கீழே ஒரு பயம் கிடக்கிறது. போன பிள்ளையைத் தாய் திருப்பி அனுப்பாவிட்டால்? இது வெறும் கற்பனைப் பயமல்ல. பெற்றோரில் ஒருவர் வேறு நாட்டுக்குக் கடத்திக்கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்ப வகைசெய்யும் 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதற்கான சட்ட வரைவைப் பற்றிச் சட்ட ஆணையம் 2016-ல் ஓர் அறிக்கையே கொடுத்தது, ஆனாலும் இந்தியா சேரவில்லை. தகப்பனுக்கு இந்தப் பயம் இருந்தால் அதை அப்படியே நீதிபதியிடம் சொல்லட்டும். பிணைத்தொகை கட்டச் சொல்லலாம், திரும்பும் டிக்கெட்டைக் காட்டச் சொல்லலாம், அமெரிக்க ஆணைக்கு இணையான ஆணையை இங்குள்ள குடும்ப நீதிமன்றத்திலும் வாங்கலாம். பயத்தைச் சொன்னால் அதற்கு வழி தேடலாம். பயத்தை ஒளித்துவிட்டு ஐ-485 மேல் பழியைப் போட்டால், தாயின் வக்கீல் எதை எதிர்த்து வாதாடுவார்?

பயணமே ஆபத்தான பிள்ளைகளும் உண்டு. அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்திருக்கும் ஈழத்துப் பிள்ளை அட்வான்ஸ் பரோலோடு போனாலும், எந்த நாட்டுக்குப் பயந்து வந்ததோ அங்கேயே திரும்பிப் போனால், தக்க காரணம் காட்டாதவரை மனுவைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பு என்று யாரும் கேட்கக் கூடாது. எச்4 பிள்ளையின் நிலை அதுவல்ல. இரண்டும் பெண்டிங்தானே என்று ஒரே மூட்டையில் கட்டுகிறவர்களுக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள மனமில்லை.

விவாகரத்து ஆணை எழுதும் நாளிலேயே இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்: அட்வான்ஸ் பரோலுக்கு யார், எந்த மாதத்துக்குள் மனு போடுவது, காலாவதியாகுமுன் யார் புதுப்பிப்பது, பாஸ்போர்ட் யாரிடம் இருப்பது, தகப்பன் எச்1பியை விட்டு வேலை அனுமதி அட்டைக்கு மாறினால் தாய்க்கு எத்தனை நாளில் தெரிவிப்பது. அவன் மாறினால் பிள்ளையின் எச்4-ம் போய்விடும், அப்போது அட்வான்ஸ் பரோல் ஒன்றே வழி. இவ்வளவும் ஆணையில் ஏறிய பிறகும் “எங்க வக்கீல் அனுப்ப வேண்டாம்கிறார்” என்று பதில் வந்தால், எந்த விதியின்படி என்று அந்த வக்கீலிடம் எழுத்தில் கேளுங்கள்.