வலிப்பு ஊசியும் குழந்தைகளின் உயிரும்

ஐந்து நிமிஷம் கடந்தும் அடங்காத வலிப்பு, குழந்தையின் உயிருக்கே உலை வைக்கக் கூடியது. லோரஸிபாம், டயஸிபாம் முதலிய முதல் மருந்துகளுக்கு அது மசியாவிட்டால், அடுத்தபடியாக இரத்தக் குழாயில் எதைச் செலுத்துவது என்பது வைத்திய உலகில் நெடுநாளைய விவாதம்.

அந்த ஸ்தானத்தை வெகுகாலமாக வகித்து வந்தது பெனிடாயின். அதன் சக்தியை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதை அவசரமாய்ச் செலுத்தினால் இரத்த அழுத்தம் சரியும். இருதயத் துடிப்பு நிலைதவறும். குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதை புண்ணாகும். ஆகவே 20 நிமிஷமாவது மெதுவாகச் செலுத்த வேண்டியிருக்கிறது. லெவெடிரஸிடாம் என்ற மருந்துக்கோ ஐந்து நிமிஷம் போதும்.

2019-ல் இவ்விரண்டும் பரீக்ஷைக்கு வந்தன. பிரிட்டனில் 30 ஆஸ்பத்திரிகளில் 286 குழந்தைகளிடம் நடந்த சோதனையில் லெவெடிரஸிடாம் 100-க்கு 70 பேருக்கும், பெனிடாயின் 64 பேருக்கும் வலிப்பை நிறுத்தின. ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் நடந்த சோதனையில் முறையே 50, 60 என்று கணக்கு மாறிற்று. ஒன்று மற்றதை வென்றதென்று எந்தச் சோதனையும் ருஜுப்பிக்கவில்லை.

புதியது மேலானதென்று ருஜுவாகாதபோது கை பழகிய மருந்தை ஏன் கைவிட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் பலன் சமமென்று ஏற்பட்ட பிறகு, தவறு நேர்ந்தால் எது அதிகக் கேடு செய்யும் என்பதைக் கொண்டே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். சோதனை நடக்கும் இடத்தில் நிபுணர்களின் கண்காணிப்பு உண்டு. அங்கேயே பெனிடாயின் பெற்ற ஒரு குழந்தைக்கு இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குச் சரிந்தது. நள்ளிரவில், களைத்த ஒருவர், குழந்தையின் எடையை ஊகித்து, அளவைக் கணக்கிட்டு, மருந்தைக் கலந்து, வேகத்தையும் நிர்ணயிக்கும் இடத்தில் பிழைக்கு எத்தனை வாசல்கள்! பெனிடாயின் ஊசியில் நேரும் தவறுகளால் மரணமும் கடுந்தீங்கும் விளையக்கூடுமென்று இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2016-லேயே எச்சரித்தது. 2022-ல் பிரிட்டனின் நைஸ் ஸ்தாபனம் மூன்று மருந்துகளை அனுமதித்த போதிலும், லெவெடிரஸிடாமை விரைவில் செலுத்தலாம், அதன் தீய விளைவுகளும் குறைவாயிருக்கலாம் என்பதைக் கவனிக்குமாறு கூறியது.

இதனால் பெனிடாயினைத் தள்ளிவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஒன்று பலிக்காத இடத்தில் மற்றொன்று உயிரைக் காக்கும். லெவெடிரஸிடாமும் குற்றமற்றதல்ல, சில குழந்தைகளுக்கு மயக்கத்தையும் சிடுசிடுப்பையும் உண்டாக்குகிறது. பயத்தினால் முதல் மருந்தைக் குறைத்துக் கொடுத்து வலிப்பை நீடிக்க விடுவதும் தீங்கே. ஆனால் பெனிடாயினைத் தொடும் ஆஸ்பத்திரி, எடைக்குத் தக்க அளவுப் பட்டியலையும், கணக்கைச் சரிபார்க்க இரண்டாவது நபரையும், இருதயத்தைக் கண்காணிக்கும் கருவியையும் தயாராய் வைத்திருக்கக் கடமைப்பட்டது. இம்மூன்றும் இல்லாத இடத்தில் அம்மருந்தை முதலில் எடுப்பது துணிச்சலேயன்றி வைத்தியமாகாது.