கோப்பை கொடுத்தார்கள், கதவைத் திறக்கவில்லை!

கோல்ப் என்று ஒரு விளையாட்டு உண்டு. பணக்காரர்களின் விளையாட்டு என்பார்கள்.

அரக்கோணத்தில் இருந்து வரும் மின்சார ரெயிலில், கடம்பத்தூரில் ஏறி, நின்று கொண்டே வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த விளையாட்டு எதற்கு? அதற்கு நேரம் ஏது? பணம் ஏது?

கேள்வி நியாயமானதுதான். ஆனாலும், அந்த விளையாட்டில் உலகப் புகழ் பெற்ற ஒரு தொழிலாளியின் கதையை, கடம்பத்தூரில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து கொள்ள வேண்டும்.

அவர் பெயர் பாப்வா சூகோலம். தென் ஆப்பிரிக்காவில் பிறந்த இந்திய வம்சத்தவர். அவருடைய முழுப்பெயர் சூசங்கர் சூகோலம். "சிவசங்கர்" என்ற நம் பெயர்தான் அந்த ஊர் எழுத்தில் "சூசங்கர்" என்று உருமாறிப் போனது.

கப்பல் ஏறியவர்கள்

இந்தியர்கள் தென் ஆப்பிரிக்காவுக்கு எப்படிப் போனார்கள்?

1860-ம் ஆண்டு சென்னையில் இருந்து "ட்ரூரோ" என்ற கப்பல் புறப்பட்டது. அந்த ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அது டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் சென்றவர்கள் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள்.

அதன் பிறகு 1911-ம் ஆண்டு வரை கப்பல்கள் போய்க் கொண்டே இருந்தன. சென்னையில் இருந்தும் கல்கத்தாவில் இருந்தும் சுமார் 1½ லட்சம் பேர் போனார்கள். அவர்களில் செங்கல்பட்டு, வட ஆற்காடு ஜில்லாக்களைச் சேர்ந்தவர்களும் உண்டு. கடம்பத்தூர் அந்தக் காலத்தில் செங்கல்பட்டு ஜில்லாவில்தான் இருந்தது.

பாப்வாவின் பெயரைப் பார்த்தால் வடநாட்டுக் குடும்பம். ஆனால், கடந்த கடல் ஒன்றே. பட்ட பாடும் ஒன்றே.

ஆட்டம் எப்படி?

கோல்ப் ஆட்டம் பெரிய புல்வெளியில் நடக்கும். புல்வெளியில் தூரம் தூரமாக 18 குழிகள் இருக்கும். பந்து கோழி முட்டையை விடச் சிறியது. அதை நீண்ட மட்டையால் அடித்து, ஒவ்வொரு குழியாக விழச் செய்ய வேண்டும். யார் குறைந்த அடிகளில் ஆட்டத்தை முடிக்கிறாரோ, அவரே ஜெயித்தவர்.

ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை வைத்துக் கொள்ளலாம். அத்தனையும் ஒரு பையில் இருக்கும். பையைத் தூக்கிக் கொண்டு கூடவே நடக்க ஓர் ஆள் உண்டு. அவருக்கு "கேடி" என்று பெயர்.

நம் ஊரில் கேடி என்றால் போலீஸ் பட்டியலில் உள்ளவன்! அங்கே கேடி என்றால் கூலிக்குப் பை சுமப்பவன்.

பாப்வா சிறுவனாக இருந்தபோது டர்பன் நகரில் கேடியாக வேலை பார்த்தார். வீட்டில் வறுமை. பள்ளிப் படிப்பு கிடைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாமலே வளர்ந்தார்.

ஆனால் கண் படித்தது. பெரிய மனிதர்கள் எப்படி நிற்கிறார்கள், எப்படி அடிக்கிறார்கள் என்று பார்த்துக் கொண்டே நடந்தார். மரக்கிளையை மட்டையாக்கி அடித்துப் பழகினார்.

மாற்றுக் கை

அவருக்குச் சொல்லிக் கொடுக்க வாத்தியார் இல்லை. அதனால் மட்டையைப் பிடிக்கும் முறை மாறிப் போயிற்று.

வலது கை ஆட்டக்காரர்கள் இடது கையை மேலேயும், வலது கையைக் கீழேயும் வைத்து மட்டையைப் பிடிப்பார்கள். பாப்வா அதற்கு நேர் எதிர். வலது கை மேலே, இடது கை கீழே!

புத்தகம் படித்தவர்கள் "இது தப்பு" என்பார்கள். இடது கையால் எழுதும் குழந்தையை நம் வீடுகளில் அதட்டுவது போல அதட்டி இருப்பார்கள். நல்ல வேளையாக அவரை அதட்ட ஆள் இல்லை. அந்தப் பிடியிலேயே பந்து குறி தவறாமல் போயிற்று.

இந்தத் திறமையை ஒருவர் கண்டார். அவர் பெயர் கிரகாம் உல்ப். முகத்தில் பூசும் "ஆயில் ஆப் ஓலே" என்ற தைலத்தை உருவாக்கியவர். அவர் பாப்வாவுக்குத் தம் தொழிற்சாலையில் வேலை கொடுத்தார். 1959-ல் ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார்.

அந்த ஆண்டே ஹாலந்து நாட்டின் "டச்சு ஓபன்" பந்தயத்தில் பாப்வா ஜெயித்தார். 1960-ல் மறுபடியும் ஜெயித்தார். 1964-ல் மூன்றாவது தடவையும் ஜெயித்தார்.

பை சுமந்த கூலிக்காரப் பையன், ஐரோப்பாவில் மூன்று தடவை வெற்றி வீரன்!

மழையில் கோப்பை

வெளிநாட்டில் மாலை விழுந்தது. சொந்த நாட்டில் என்ன நடந்தது?

தென் ஆப்பிரிக்காவில் 1948 முதல் நிறவெறி ஆட்சி நடந்தது. வெள்ளையருக்கு ஒரு பள்ளி, மற்றவர்களுக்கு வேறு பள்ளி. ரெயிலில் தனிப் பெட்டி. கடற்கரையில் கூடத் தனி இடம்.

1963-ல் டர்பன் நகரில் "நேட்டால் ஓபன்" பந்தயம் நடந்தது. வெள்ளைக்கார வீரர்களுடன் ஆட பாப்வாவுக்கு அனுமதி கிடைத்தது. அவர் அத்தனை பேரையும் தோற்கடித்து முதலாவதாக வந்தார்.

பரிசளிக்கும் நேரம் வந்தது. மழை கொட்டியது. தோற்ற வெள்ளைக்கார வீரர்கள் கிளப் கட்டிடத்துக்குள் சுகமாக இருந்தார்கள். ஜெயித்த பாப்வா வெளியே மழையில் நின்றார். கோப்பையை அங்கேயே அவர் கையில் கொடுத்தார்கள். காரணம், அவர் வெள்ளையர் அல்லர். கட்டிடத்துக்குள் அவர் காலெடுத்து வைக்கக் கூடாது!

"ஓபன்" என்றால் திறந்தது என்று பொருள். பந்தயம் திறந்து இருந்தது. கதவு மூடி இருந்தது.

அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. படித்தவர்கள் கொதித்தார்கள். தென் ஆப்பிரிக்காவைப் பன்னாட்டு விளையாட்டுகளில் இருந்து ஒதுக்க வேண்டும் என்ற குரலுக்கு அது பலம் சேர்த்தது.

1965-ல் பாப்வா மீண்டும் நேட்டால் ஓபனில் ஜெயித்தார். அப்போது அவரிடம் தோற்றவர்களில் ஒருவர் கேரி பிளேயர். கோல்ப் உலகின் நான்கு மாபெரும் பந்தயங்களில் மொத்தம் 9 பட்டங்களைப் பெற்ற மகாவீரர் அவர்!

அதற்கு மேல் நிறவெறி ஆட்சியால் பொறுக்க முடியவில்லை. 1966-ல் பெரிய பந்தயங்களில் ஆட பாப்வாவுக்குத் தடை வந்தது. வெளிநாடு போக முடியாதபடி பாஸ்போர்ட்டும் பறிபோனது. ஆடத் தெரிந்த ஒரே தொழிலை ஆட விடவில்லை. வறுமையிலேயே அவர் 1978-ல் காலமானார். ஐம்பது வயதைக் கூடத் தொடவில்லை.

இன்று டர்பன் நகரில் ஒரு கோல்ப் மைதானத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. இருக்கும்போது கதவு திறக்கவில்லை. இறந்த பிறகு பெயர்ப்பலகை!

எது அவமானம்?

சிலர் கேட்கலாம்: "கோப்பையைத்தான் கொடுத்து விட்டார்களே! பரிசுப் பணமும் உண்டே! உள்ளே போனால் என்ன, வெளியே நின்றால் என்ன?"

இந்தக் கேள்விதான் ஆபத்தானது.

அந்த நாட்டுக் கிளப்புகளில் கறுப்பர்களும் இந்தியர்களும் வேலை பார்க்கவில்லையா? பார்த்தார்கள். தட்டு கழுவவும், பரிமாறவும், தரையைத் துடைக்கவும் உள்ளே போனார்கள். அப்போது சுவர் தீட்டுப்படவில்லை.

வேலைக்காரனாக வரலாம். விருந்தாளியாக வரக் கூடாது. இதுதான் நிறவெறியின் உயிர்நாடி.

உழைப்பு வேண்டும், உழைத்தவன் வேண்டாம் என்பது எங்கே இருந்தாலும் அதே நோய்தான். அமெரிக்காவிலும் அந்த நோய் இருந்தது. வெள்ளையர் மட்டுமே உறுப்பினர் ஆகலாம் என்ற விதியை அந்நாட்டுத் தொழில்முறை கோல்ப் சங்கம் 1961-ல்தான் நீக்கியது.

நம் நாடு என்ன, விதிவிலக்கா? டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்த நாடு இது. தென் ஆப்பிரிக்காவைப் பார்த்துக் கோபப்படுவது சுலபம். நம் வீட்டு வாசலைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

திறந்த கதவுகள்

கதவு திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு.

டெல்லியில் கேடியாக இருந்தவர் அலி ஷேர். 1991-ல் "இந்தியன் ஓபன்" பந்தயத்தில் ஜெயித்தார். அந்தப் பந்தயத்தில் ஜெயித்த முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அவரே. அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. 1993-ல் மறுபடியும் ஜெயித்து, முதல் வெற்றி அதிர்ஷ்டம் அல்ல என்று காட்டினார்.

பெங்களூரில் கேடியாகத் தொடங்கியவர் சின்னசாமி முனியப்பா. அவர் 2009-ல் அதே பந்தயத்தில் ஜெயித்தார்.

பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் என்ற பெண், 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் நாலாவது இடத்துக்கு வந்தார். மயிரிழையில் பதக்கம் தவறியது. அப்போது அவருடைய பையைச் சுமந்தவர் யார்? அவரைப் பெற்ற தாய்!

பை சுமப்பது இழிவான வேலை அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். சுமப்பவரை இழிவாக நடத்துவதுதான் இழிவு.

கடம்பத்தூர் செய்ய வேண்டியது

கடம்பத்தூருக்குக் கோல்ப் மைதானம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அது இல்லாமலே ஊர் வாழும்.

கேட்பது வேறு. திருவள்ளூரில் இருந்து கும்மிடிப்பூண்டி வரை ஆலைகள் நிறைந்த பகுதி இது. பல ஊர்களில் இருந்தும், பல மாநிலங்களில் இருந்தும் உழைப்பாளிகள் வருகிறார்கள். அவர்கள் கையால் செய்த பொருள் ஊர் ஊராகப் போகிறது. அந்தக் கைக்கு உரியவனுக்கு ஆலைச் சாப்பாட்டுக் கூடத்தில் மற்றவர்களோடு சமமாக நாற்காலி உண்டா? அவன் பிள்ளை விளையாட, ஞாயிற்றுக்கிழமையில் பூட்டிக் கிடக்கும் மைதானத்தின் கதவு திறக்குமா?

ஆலை முதலாளிகளும் பள்ளி நிர்வாகிகளும் இதற்குப் பதில் சொல்லட்டும். ஆனால், எல்லாப் பழியையும் அவர்கள் தலையில் போட்டு விட்டுக் குடும்பங்கள் ஒதுங்கி விட முடியாது.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் மகள் பரீட்சையில் முதல் மார்க் வாங்கி விட்டாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். இனிப்போடு உங்கள் வீட்டுக்கு வருகிறாள். என்ன செய்வீர்கள்?

வாசலிலேயே நிறுத்தி, "கெட்டிக்காரி!" என்று புகழ்ந்து, பத்து ரூபாயைக் கையில் வைத்து அனுப்பலாம். அது மழையில் கொடுத்த கோப்பை.

உள்ளே அழைத்து, நாற்காலியில் உட்கார வைத்து, உங்கள் பிள்ளை குடிக்கும் டம்ளரிலேயே காப்பி கொடுக்கலாம். அதுதான் பரிசு.

இன்னொரு விஷயம். பாப்வாவின் கை உலகை ஜெயித்தது. ஆனால் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தம்மைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததைக் கூடப் பிறர் படித்துச் சொல்லித்தான் அவர் தெரிந்து கொள்ள வேண்டும். ஒரு காகிதத்தில் என்ன எழுதி இருக்கிறது என்று அறிய இன்னொருவர் தயவு வேண்டும். ஆகவே, விளையாட்டில் கெட்டிக்காரப் பிள்ளையைப் பள்ளியில் இருந்து நிறுத்தி விடாதீர்கள். பந்தும் வேண்டும், புத்தகமும் வேண்டும். பந்து பேர் வாங்கித் தரும். பேரைப் பறிக்க வருகிறவனிடம் நியாயம் கேட்கப் படிப்புத்தான் உதவும்.

திறமை எந்தக் குடிசையில் பிறக்கும் என்று யாருக்கும் தெரியாது. எந்தக் கையில் வரும் என்றும் தெரியாது. அதை உண்டாக்க நம்மால் முடியாது. ஆனால், அது வந்து கதவைத் தட்டும்போது எழுந்து போய்த் திறக்க முடியும்.

அதற்குப் பணம் தேவை இல்லை. மனம் இருந்தால் போதும்.