ஏசி வாங்குறதுக்கு முன்னாடி மொட்டை மாடியைப் பாருங்க!

தோழர்களே, இன்னைக்கு ராத்திரி 11 மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, மேல் வீட்டு சீலிங்கைத் தொட்டுப் பாருங்க. சுடும். பகல் முழுக்க வாங்கின வெயிலை கான்கிரீட் அப்போதான் நம்ம மேல இறக்குது. ஃபேன் அந்தச் சூட்டைத்தான் சுத்தி விடுது.

இதுக்கு யூடியூப்ல இப்போ சொல்ற மருந்து ரெட்டைக் கண்ணாடி ஜன்னல். நல்ல பொருள்தான், ரோட்டுச் சத்தமும் குறையும். ஆனா வெளியே 2 டிகிரி, உள்ளே 20 டிகிரின்னு இருக்கிற குளிர் நாட்டுலதான் அதோட முழுப் பலனும் தெரியும். நம்ம ஜன்னலுக்குப் பிரச்சினை நேர் வெயில். வெளியே ஒரு சன்ஷேடோ மூங்கில் தட்டியோ கட்டினாலே பாதி வேலை முடிஞ்சது. காசை மாடியில போடுங்க.

முதல்ல ஒழுகலை அடைக்கணும், இதைத் தள்ளிப் போடாதீங்க. அப்புறம் தளத்துக்கு மேல இன்சுலேஷன் போர்டு, அதுக்கு மேல ஓடு. கீழே தெர்மாகோல் ஃபால்ஸ் சீலிங் அடிச்சாலும் சூடு குறையும், ஆனா தளம் காயுறது நிக்காது. அவ்வளவு கையில இல்லையா? வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட், அதுவும் முடியலன்னா சுண்ணாம்பு. தூசி படிஞ்சா பலன் போயிடும், வருஷா வருஷம் கோடைக்கு முன்னாடி கழுவணும்.

இப்போ அரசியலுக்கு வருவோம். 2018-ல ஒன்றிய அரசு கொண்டு வந்த 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' கூரை வழியா எவ்வளவு வெப்பம் இறங்கலாம்னு வரம்பு வச்சிருக்கு. வெறும் கான்கிரீட் தளம் அதைவிட ஏறக்குறைய 3 மடங்கு உள்ளே விடும். ஆனா அந்த விதி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில புதுசா கட்டுறவங்களுக்குத்தான். ஏற்கெனவே கட்டின ஒன்றரை சென்ட் வீட்டுல வேகுறவங்க கணக்குலயே இல்ல. பக்கத்துல தெலங்கானா 2023-லயே கூல் ரூஃப் கொள்கை கொண்டு வந்தாச்சு.

2024 அக்டோபர்ல வெப்ப அலையை மாநிலப் பேரிடரா தமிழ்நாடு அரசு அறிவிச்சது. இறந்தா குடும்பத்துக்கு 4 லட்சம். வரவேற்கிறோம். அந்த மனுஷன் சாகாம இருக்க, அவர் மாடிக்கு வெள்ளை அடிக்க எவ்வளவு ஆகும்? அந்தப் பணத்தைத்தான் கேட்கிறோம்.

இதுல அதிகம் மாட்டிக்கிறது மேல் மாடி வாடகைக்காரங்கதான். மாடி ஓனரோடது, கரண்ட் பில் இவங்களோடது. அதனால மானியம் வீட்டுக்காரர் கைக்குப் போனா, வாடகையை ஏத்தக் கூடாதுன்னு நிபந்தனையோட போகணும்.

மே 1 கிராம சபையில நம்ம ஆளுங்க இதைத் தீர்மானமா வைக்கணும். முதல்ல உங்க ஊர் தொகுப்பு வீடுகளையும் அங்கன்வாடிக் கூரையையும் போய்ப் பாருங்க, போட்டோவைக் கமெண்ட்ல போடுங்க.

#மாடியைக்_குளிரவை