துணைச் சாரதிகளும் ஒரு மஞ்சள் சட்டையும்

மேலூர் பக்கமோ சிவகங்கை பக்கமோ கோயில் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு மாட்டுவண்டிப் பந்தயத்தைப் பற்றி விளக்கவே வேண்டாம். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக வண்டிகள் ரோட்டில் பறக்கும். சாரதி கயிற்றைப் பிடித்திருப்பார். துணைச் சாரதி இறங்கி ஓடுவார், ஏறுவார், மறுபடி இறங்கி மாட்டை விரட்டுவார். ஜெயித்தால் பேர் மாட்டுக்கும் மாட்டுக்காரருக்கும்தான். நாக்குத் தள்ள ஓடிய துணைச் சாரதியின் பெயர் மைக்கில் ஒரு தடவை வந்தாலே பெரிய விஷயம்.

ஐரோப்பாவின் சைக்கிள் பந்தயங்கள் புரிய வேண்டுமென்றால் இந்தத் துணைச் சாரதியை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

2025 டூர் டி பிரான்ஸில் 23 அணிகள், அணிக்கு 8 பேர், ஆக 184 பேர் கிளம்பினார்கள். ஓர் அணியில் பட்டத்துக்காக ஓட்டுபவர் பெரும்பாலும் ஒருவர்தான். மீதி ஏழு பேரும் அவருக்குத் துணைச் சாரதிகள். வேலை என்ன? காற்றைக் கிழிப்பது. மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினால் சைக்கிளுக்கு முதல் எதிரி காற்றுதான். முன்னால் ஒருவர் மிதிக்க, அவர் முதுகை ஒட்டிப் போகிறவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி மிச்சம். (லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு மிதித்த பழைய ஆட்களுக்கு இது தெரியும். தயவுசெய்து இப்போது யாரும் செய்து பார்க்க வேண்டாம்!) பின்னால் வரும் அணி காரிலிருந்து தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து கொடுப்பதும் இவர்கள்தான். தலைவரின் டயர் பஞ்சரானால் தன் சைக்கிளையே கழற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் நிற்பார்கள். பிரெஞ்சில் இவர்களுக்கு ‘டொமெஸ்டிக்’ என்று பெயர். வீட்டு வேலையாள் என்று அர்த்தம். கொஞ்சம் உறுத்தலான பெயர்தான். ஆனால் அதிலும் நல்ல சம்பளம் உண்டு, மரியாதையும் உண்டு.

சீசன் சூடுபிடிப்பது மார்ச்சில், இத்தாலியின் மிலான் - சான் ரெமோவில். ஒரே நாளில் கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர். மதுரையில் காலையில் கிளம்பி, ஆறரை மணி நேரத்தில் விழுப்புரத்தை நெருங்குவதற்குச் சமம், சைக்கிளில்! ஏப்ரலில் பாரிஸ் - ரூபே. அதில் 50 கிலோமீட்டருக்கு மேல் பழங்காலக் கல் பாவிய பாதை. ஜெயித்தவருக்குத் தரும் கோப்பையும் ஒரு கல்தான், அந்தப் பாதையில் பதித்திருக்கும் அதே மாதிரிக் கல். மே மாதம் ஜிரோ, ஜூலையில் டூர், ஆகஸ்ட் கடைசியில் ஸ்பெயினின் வுல்டா. மூன்றும் ஆளுக்கு 21 கட்டம், மூன்று வாரம். அக்டோபரில் லோம்பார்டியோடு கடையைக் கட்டுவார்கள்.

இதில் இப்போது ராஜா, ஸ்லோவேனியாவின் ததேய் பொகாச்சர். 2020, 2021, 2024, 2025 என நான்கு முறை டூர் பட்டம். ஸ்லோவேனியாவின் மக்கள்தொகை சுமார் 21 லட்சம். மதுரை மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்குப்படி 30 லட்சத்துக்கு மேல். அந்தச் சின்ன நாட்டிலிருந்துதான் நான்கு முறை வுல்டா ஜெயித்த ப்ரிமோஷ் ரோக்லிச்சும் வந்தார். ஆள்பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிகிறது.

பணத்துக்குமா? எரித்திரியாவைப் பார்க்கலாம். ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகளில் ஒன்று. இத்தாலியர்கள் ஆண்ட காலத்தில் வந்த சைக்கிள் அங்கே ஊரின் உயிராகிவிட்டது. தலைநகர் அஸ்மாரா கொடைக்கானலைவிட உயரத்தில் இருக்கிறது. அங்கே பிறந்த பினியம் கிர்மாய் 2024 டூரில் மூன்று கட்டங்களை ஜெயித்துப் பச்சைச் சட்டையோடு பாரம்பரியத்தையே புரட்டிப்போட்டார். டூரில் ஒரு கட்டம் ஜெயித்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர்தான்.

நம் கதை? 1964 டோக்கியோவுக்குப் பிறகு ஒலிம்பிக்கில் ஓர் இந்திய சைக்கிள் வீரர்கூட ஓட்டவில்லை. நடுவே வெளிச்சம் வராமல் இல்லை. கார் நிக்கோபார் தீவின் ஈசோ ஆல்பன் 2018-ல் ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பில், உள்ளரங்க டிராக்கில், வெள்ளி ஜெயித்தார். பெங்களூருவின் நவீன் ஜான் 2016-ல் தோஹாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் டைம் டிரையல் ஓட்டினார், பிறகு ஓர் ஆஸ்திரேலிய அணியில் சேர்ந்தார். 2026 ஜனவரி 19 முதல் 23 வரை புனேயில் கிராண்ட் டூர் நடந்தது. 437 கிலோமீட்டர். சர்வதேச சைக்கிள் சங்கத்தின் காலண்டரில் 2.2 என்ற வகை. பல நாள் பந்தயங்களில் அது கீழ்ப்படிதான், ஆனால் ஒலிம்பிக் தகுதிக்கான புள்ளிகள் அங்கிருந்தே கிடைக்க ஆரம்பிக்கும். மலேசியா 1996-லேயே லங்காவி டூரைத் தொடங்கிவிட்டது. நாம் முப்பது வருஷம் லேட்.

மலை இல்லை என்று சொல்ல முடியாது. டூரின் புகழ்பெற்ற ஆல்ப் துவேஸில் 21 கொண்டை ஊசி வளைவுகள். போடிமெட்டில் 17, மசினகுடியிலிருந்து ஊட்டி ஏறும் கல்லட்டியில் 36, கொல்லிமலையில் 70! 2008-லிருந்து நடக்கும் டூர் ஆஃப் நீலகிரிஸில் கல்லட்டி ஏறுவதுதான் பெரிய சவால். ஆனால் அதில் கலந்துகொள்வோர் பெரும்பாலும் வேலைக்குப் போகிற, சொந்தக் காசில் சைக்கிள் வாங்க முடிந்தவர்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இருப்பது அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டி. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவு. பையன்களுக்கு 15 முதல் 20 கிலோமீட்டர், பெண் பிள்ளைகளுக்கு 10 முதல் 15. முதல் பரிசு 5,000 ரூபாய். இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிள்தான் கொண்டுவர வேண்டும், கியர் வைத்தது கூடாது. நியாயமான விதி. இல்லாவிட்டால் பணம் இருக்கும் வீட்டுப் பிள்ளைதான் ஜெயிக்கும்.

சிக்கல் 18 வயதில்தான். டூரில் ஓடும் சைக்கிளின் எடைக்குக் குறைந்தபட்ச வரம்பே 6.8 கிலோ. நம் பிள்ளைகள் மிதிப்பது 20 கிலோவை ஒட்டிய சைக்கிள். அதில் முதலில் வரும் பெண்ணின் காலில் என்ன பலம் இருக்கும்! ஆனால் பந்தயத்துக்கு லாயக்கான ரோடு பைக் லட்ச ரூபாயைச் சுலபமாகத் தாண்டும். அவள் வீட்டில் அதை யார் வாங்குவது? மாவட்ட விளையாட்டரங்கத்தில் பத்து ரேஸ் சைக்கிள் இருந்து, ஜெயித்தவர்களுக்கு ஒரு வருஷம் இரவல் கொடுத்தால்கூட விஷயம் நகரும். ரோட்டை மறிப்பது கஷ்டம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. மாட்டுவண்டிப் பந்தயத்துக்காகப் போலீஸ் பாதுகாப்போடு காலையில் ரோடு காலியாவதை இந்தப் பக்கத்து ஜனங்கள் வருஷா வருஷம் பார்க்கிறார்கள்.

அண்ணா பிறந்தநாள் செப்டம்பர் 15. போட்டி அதை ஒட்டி வரும். தலைமை ஆசிரியரிடம் வயதுச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிரேக் கட்டையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.