மலையமானுக்கு ஏன் இத்தனை சிறிய வேஷம்?

திருக்கோவலூரில் நமக்கு மிகவும் வேண்டிய குடும்பம் ஒன்று இருக்கிறது. தென்பெண்ணைக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. சொத்துத் தகராறு கிடையாது; மாமியார் மருமகள் சச்சரவும் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள அளவுதான். ஆனால் 2022-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி முதல் அந்த வீட்டில் யுத்தம் ஒன்று ஓயாமல் நடந்து வருகிறது. மணிரத்னம் எடுத்த "பொன்னியின் செல்வன்" படத்தின் முதற் பாகம் அன்றுதான் வெளியாயிற்று. 2023 ஏப்ரல் 28-ந் தேதி இரண்டாம் பாகமும் வந்து சேர்ந்தது. அதன் பிறகாவது சமாதானம் ஏற்படும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்து போனார்கள்.

ஒரு கட்சிக்குத் தலைவி அந்த வீட்டுப் பாட்டி. வயது எண்பத்து நான்கு. 1950 அக்டோபரில் கல்கி அவர்கள் தம் பத்திரிகையில் இந்தக் கதையைத் தொடங்கியபோது பாட்டி பத்து வயதுச் சிறுமி. தாயார் உரக்கப் படிக்க, வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். மூன்று வருஷத்துக்கும் மேலாக வாரா வாரம் வந்த அந்தப் பக்கங்களைத் தாயார் பிரித்தெடுத்து, மணியம் வரைந்த சித்திரங்களுடன் ஐந்து புத்தகங்களாகத் தைத்து வைத்திருந்தார். அவை இன்றும் அந்த வீட்டு மர பீரோவில் இருக்கின்றன. நாலாவது புத்தகத்தில் மட்டும் ஒரு வாரத்துப் பக்கங்கள் இல்லை. அண்டை வீட்டு அம்மாள் ஒருவர் இரவல் வாங்கிப் போனார், திரும்பி வரவில்லை. அந்த அம்மாள் காலமாகியே பல வருஷம் ஆகிவிட்டது. பாட்டியின் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

எதிர்க்கட்சித் தலைவர் பாட்டியின் புதல்வர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். "அம்மா, நீங்கள் சொல்வது நியாயமே இல்லை. ஐந்து பாகம், இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். இரண்டு படமும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம். குடத்துக்குள் காவேரியை அடைக்க முடியுமா?" என்பது அவர் வாதம். பாட்டியின் பதில் சுருக்கமானது: "அடைக்க முடியாதென்றால் குடத்தை ஏன் எடுத்தான்?"

கள்ளக்குறிச்சிக்கு வண்டி வைத்துக்கொண்டு போய் இரண்டாம் பாகத்தைக் குடும்பத்தோடு பார்த்துவிட்டு வந்த இரவைப் பற்றி அந்த வீட்டில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் பாட்டி கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பூக்காரப் பையன் எங்கே?" என்பதுதான். படத்தை மட்டும் பார்த்த கொள்ளுப்பேரன், "எந்தப் பூக்காரப் பையன்?" என்று கேட்டான். அவ்வளவுதான்! திருக்கோவலூர் வந்து சேரும் வரையில் வண்டியில் சேந்தன் அமுதன் கதை நடந்ததாம்.

இந்த விஷயத்தில் நாம் பாட்டி கட்சி. கதையைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தஞ்சைக்கு வெளியே பூந்தோட்டம் வைத்துக்கொண்டு, தேவாரம் பாடிக்கொண்டு, ஊமைத் தாயாருடன் வாழும் ஏழைப் பிள்ளை அவன். கடைசியில் அவனே செம்பியன் மாதேவியின் உண்மைப் புதல்வன் என்று தெரிகிறது. பொன்னியின் செல்வர் தமக்கென்று வந்த மகுடத்தை அவன் தலையில் வைத்து விடுகிறார். சரித்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பண்டிதர்கள் சொல்லட்டும். பாட்டிமார் சொல்லும் ராஜா ராணிக் கதையின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. படத்தில் இந்த ஆள்மாறாட்டம் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். நாம் முதலிலிருந்து பார்த்து வந்த மதுராந்தகனே அரியணை ஏறுகிறான். கதை ஒழுங்காகிறது, அதிசயம் போய்விடுகிறது. கந்தமாறன் தங்கை மணிமேகலையும் அப்படியே. நாவல் முடிவதே அவள் மரணத்தில். படத்தில் அவள் பிறக்கவே இல்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்த குறையல்ல. ஆங்கிலத்தில் டால்கீன் என்ற பேராசிரியர் மோதிரத்தைப் பற்றி எழுதிய பெரிய மாயக் கதை 2001-ல் படமாக வந்தபோது, காட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு திரியும் டாம் பாம்படில் என்ற கிழவரைக் காணோம் என்று அந்நாட்டு வாசகர்கள் புலம்பினார்கள். ஹாரி பாட்டர் கதையில் பள்ளிக்கூடத்தையே கலக்கும் குறும்புப் பிசாசு ஒன்று உண்டு. எட்டுப் படங்களில் ஒன்றிலும் அது தலைகாட்டவில்லை. பாட்டுப் பாடுகிறவர்களையும் குறும்பு செய்கிறவர்களையுமே ஸினிமாக்காரர்கள் முதலில் கழித்துக் கட்டுகிறார்கள் போலிருக்கிறது. கதையை முன்னே தள்ளாதவர்களுக்கு அங்கே சாப்பாடு கிடையாது.

ஆனால் புதல்வர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1958-லேயே எம்.ஜி.ஆர். இந்தக் கதையைப் படமாக்கப் போவதாக அறிவித்தார், நடக்கவில்லை. அறுபது வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு தலைமுறையும் யார் குந்தவை, யார் வந்தியத்தேவன் என்று திண்ணையில் உட்கார்ந்து வேஷம் பங்கிட்டதுதான் மிச்சம். கடைசியில் ஒருவர் எடுத்து முடித்தார். விக்ரம் நடித்த ஆதித்த கரிகாலனைப் பற்றி நம் அபிப்பிராயத்தைக் கேட்டால், புத்தகத்தில் படித்தவனை விட அவன் மனத்தில் அதிகம் நிற்கிறான் என்றே சொல்வோம். நாவலில் அவனுடைய கோபம் சில இடங்களில் நம்மைக் களைப்படையச் செய்கிறது. படத்தில் அந்தக் கோபத்துக்கு அடியில் இருக்கும் வேதனை கண்ணில் தெரிகிறது. (இதைப் பாட்டியின் முன்னிலையில் சொல்ல நமக்குத் தைரியம் வரவில்லை.) கடம்பூர் மாளிகையில் அவன் யார் கையால் இறந்தான் என்பதை நாவல் இருட்டிலேயே விட்டுவிடுகிறது; படமோ, அவன் தானாகவே சாவைத் தேடிக்கொண்டதாகக் காட்டுகிறது. சரித்திரத்தில் இருப்பது உடையார்குடிக் கோயிலில் ராஜராஜன் காலத்தில் வெட்டிய ஒரு சாஸனம். கொலையில் சம்பந்தப்பட்ட துரோகிகள் என்று சோமன், ரவிதாஸன், பரமேசுவரன் முதலியோரையும் அவர்களுடைய உறவினரையும் குறிப்பிட்டு, அவர்களுடைய நிலங்களைப் பற்றி அது பேசுகிறது. ஏன் செய்தார்கள் என்று கல் சொல்லவில்லை. அதனால்தான் கல்கிக்கு ஐந்து பாகம் எழுத இடம் கிடைத்தது!

முடிவைப் பற்றிய சண்டையும் புதிதல்ல. 1954-ல் கதை முடிந்தபோதே, திடீரென்று முடித்துவிட்டார் என்று வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். யார் யார் பின்னால் என்ன ஆனார்கள் என்று விளக்கி ஆசிரியரே முடிவுரை எழுத வேண்டியதாயிற்று. இதைப் புதல்வர் எடுத்துச் சொன்னபோது பாட்டி, "நாங்கள் கேட்டோம், அவர் பதில் சொன்னார். நீ மணிரத்னத்தைக் கேள், சொல்கிறாரா பார்க்கலாம்" என்றார்.

இனி, தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். திருக்கோவலூர்க்காரர்களுக்கு இந்தப் படத்தின் மேல் தனிப்பட்ட வழக்கு ஒன்று உண்டு. சுந்தர சோழரின் பட்டமகிஷி வானமாதேவி அந்த ஊர்ப் பெண். அவருடைய தகப்பனார்தான் திருக்கோவலூர் மலையமான். கரிகாலனுக்கும் குந்தவைக்கும் அருள்மொழிக்கும் தாய்வழிப் பாட்டனார். கல்கி அந்தக் கிழவரை வெகு அபிமானத்துடன் படைத்திருக்கிறார். மாமல்லபுரத்தில் பேரனை உட்கார வைத்து, பழுவேட்டரையர்களைப் பற்றி அவர் எச்சரிக்கை செய்யும் இடத்தைப் படித்தால், நம் வீட்டுத் தாத்தா ஒருவர் அரண்மனைக்குள் நுழைந்து பேசுவது போலிருக்கும். படத்தில் லால் என்ற நல்ல நடிகர் அந்த வேஷத்தைப் போட்டிருக்கிறார். ஆனால் நாலு வார்த்தை பேசுவதற்குள் குதிரைகள் ஓடி வந்து விடுகின்றன. "எங்கள் ஊரார் ஒருவரே ஒருவர், அவருக்கும் வாயைக் கட்டிவிட்டார்கள்" என்பது பாட்டியின் குறை. இதில் மட்டும் புதல்வரும் தாயார் பக்கம் சாய்ந்து விடுகிறார். ஊர்ப் பற்று என்பது அப்படிப்பட்டது.

அந்த வீட்டுப் பேத்தி இந்த இரண்டு கட்சியிலும் சேராதவள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. படம் பார்ப்பதற்கு முன் அவள் நாவலைத் தொட்டதில்லை. முதற் பாகத்தைப் பார்த்தபின், இரண்டாம் பாகம் வருவதற்குள் ஐந்து புத்தகத்தையும் முடித்து விட்டாள். அவள் ஒரு நாள் பாட்டியையும் நம்மையும் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்கு அழைத்துச் சென்றாள். அங்கே ராஜராஜன் காலத்துச் சாஸனம் ஒன்று இருக்கிறது. பாரி மகளை மலையனுக்கு மணம் செய்து கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த வரலாற்றை அது பாட்டாகச் சொல்கிறது. மலையமான் குலத்தில் பிறந்த சுந்தர சோழன் தேவி, பால்குடிக்கும் குழந்தையை விட்டுக் கணவனோடு எரியில் புகுந்ததையும் அதே கல் சொல்கிறது.

"பாட்டி, நாவலில் அந்த அம்மாள் நோயாளிப் புருஷனுக்குப் பணிவிடை செய்துகொண்டு ஓர் ஓரமாக நிற்கிறாள். படத்தில் அதுவும் இல்லை. கல்லில் மாத்திரம் அவள் குழந்தையை விட்டுவிட்டு நெருப்பில் இறங்குகிறாள். எந்தக் கதையில் எங்கள் ஊர்ப் பெண்ணைச் சின்ன வேஷமாக ஆக்கிவிட்டார்கள் என்று நான் யாரிடம் சண்டை போடுவது?" என்றாள் பேத்தி.

பாட்டி வெகு நேரம் பதில் பேசவில்லை. பிறகு, "அந்தக் குழந்தை என்ன ஆயிற்றாம்?" என்று மட்டும் கேட்டார். கல்லில் அதற்கு மேல் இல்லை.

சென்ற மாதம் அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடத்தைப் பார்க்கும் பொருட்டு மலைக்குப் போயிருந்தோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே ஏறினால் வளைவுக்கு வளைவு காற்று மாறுகிறது. மலையில் வசிப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிகள் என்ற பழங்குடி மக்கள். கேரள தேசத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. பேச்சு சுத்தமான தமிழ். 1976 வரையில் அந்த மலை ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

குழந்தைகள் எல்லோரும் படத்தைக் கைபேசியில் பார்த்திருந்தார்கள். யாருக்கு எது பிடித்தது என்று கேட்டோம். கப்பல் என்றான் ஒருவன். குதிரை என்றாள் ஒருத்தி. கடைசி வரிசையில் இருந்த பையன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்த மலையமான் எங்கள் மலைக்காரரா?" என்று கேட்டான். பெயரில் மலை இருக்கிறதே!

அவருடைய நாடு மலாடு, தலைநகர் திருக்கோவலூர், அந்த வம்சத்துக் காரி என்ற வள்ளலுக்கு முள்ளூர் மலை உண்டு என்றெல்லாம் நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். பையன் பொறுமையாகக் கேட்டான். "அப்படியானால் எங்கள் கதை வேறே" என்று சொல்லிவிட்டு, தானே ஆரம்பித்து விட்டான். காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்து, ஆளுக்கு ஒரு மலையில் குடியேறிய கதை. எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பதில் பக்கத்திலிருந்த பெண் குறுக்கிட்டுத் திருத்தினாள். அவள் பாட்டி சொன்னது வேறு மாதிரியாம். சேர்வராயன், கொல்லி, பச்சை மலை என்று மலைக்கு மலை இந்தக் கதை மாறுவது உண்டு. வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து கொண்டது. திருக்கோவலூர் வீட்டில் கேட்ட அதே குரல்கள்! இந்தக் கதையை இன்னும் யாரும் படம் எடுக்கவில்லை. தைத்து வைத்த புத்தகம்கூட அந்தக் குழந்தைகளிடம் கிடையாது.

திரும்பும் வழியில் பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். கண் பார்வை மங்கிவிட்டதால், இப்போதெல்லாம் விடுமுறைக்கு வரும்போது பேத்திதான் அந்தப் பழைய புத்தகங்களிலிருந்து படித்துக் காட்டுகிறாள். நாலாவது புத்தகத்தில் பக்கம் இல்லாத இடம் வந்தால் பாட்டி வாயால் சொல்கிறார்; அச்சுப் புத்தகத்தில் இருப்பதற்கும் அவர் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று பேத்தி நமக்கு ரகசியமாகத் தெரிவித்தாள்.

மூன்று அண்ணன்மார் கதையைப் பாட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "மூன்று பேரும் கல்யாணம் செய்துகொண்டார்களா? பெண்கள் எந்த ஊர்?" என்றார். நாம் விழித்தோம். அதைக் கேட்டுக்கொண்டு வரவில்லையே! "அடுத்த தடவை மலைக்குப் போகும்போது அந்தப் பையனிடமும் கேள், திருத்தினாளே, அந்தப் பெண்ணிடமும் கேள்" என்று உத்தரவாகியிருக்கிறது.