பேறுக்கு முன் பால்மா வாங்கி வைக்கலாமா?

"அக்கா, பிள்ளை பிறக்க முதல் இரண்டு ரின் பால்மா வாங்கி வைக்கட்டோ? திரும்பவும் ஓட வேண்டி வந்தால் என்ன செய்யிறது?" கர்ப்பிணித் தாய்மார் கேட்கும் கேள்வி இது. 2009இல் பதுங்குகுழிக்குள் கைக்குழந்தையோடு இருந்தவர்களுக்கும், அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கும் இந்தப் பயம் எளிதில் விடாது.

சகோதரிகளே, பயமும் அதிர்ச்சியும் பால் இறங்குவதைச் சற்றுத் தாமதப்படுத்தலாம். பாலை வற்றச் செய்வதில்லை. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் சுரக்கும். வீட்டில் ரின் இருந்தால், பிள்ளை அழும் முதல் இரவே கை அதற்குப் போகும். போத்தலில் குடித்த பிள்ளை மார்பில் குறைவாகவே உறிஞ்சும், பாலும் குறையும். இடம்பெயர்ந்த இடத்தில் விறகுக்கும் கொதித்த நீருக்கும் எங்கே போவது? சுத்தமில்லாத போத்தல் வயிற்றோட்டத்தைத்தான் தரும்.

பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பால் கொடுங்கள். மஞ்சள் நிறக் கடும்புப்பாலைப் பிழிந்து ஊற்றாதீர்கள். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரும் வேண்டாம். ஐந்தாம் நாளிலிருந்து பிள்ளை நாளுக்கு 6 தடவையாவது சலம் கழித்தால் பால் காணும் என்று அறியலாம். காணாவிட்டால், மார்பில் நோவிருந்தால், மருத்துவமாதுவிடம் உடனே சொல்லுங்கள்.

தாயை இழந்த பிள்ளைக்கும், வைத்தியர் சொல்லும் பிள்ளைக்கும் பால்மா தேவைதான். அதில் குற்றவுணர்வு வேண்டாம். எது, எவ்வளவு என்பதை வைத்தியரே சொல்வார்.

மற்றவர்கள் அந்த ரின் காசுக்குப் பயறும் முட்டையும் மீனும் வாங்குங்கள். கிளினிக்கில் திரிபோசா தந்தால் வீட்டாருக்கெல்லாம் பங்கிடாமல் நீங்களே சாப்பிடுங்கள். உங்கள் பிள்ளைக்கான சேமிப்பு அதுதான்.